மெருகேற்றும்போது குறைவது என்ன?

இடம்பெயர்ந்து செல்லும் குடும்பமொன்று தன்னோடு கொண்டு செல்லக்கூடிய பெறுமதியான பொருட்களை எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை உலோகத்தினால் ஆனவையாகவே இருக்கும். மண்வெட்டி, கத்தி, கோடரி, அலவாங்கு முதலிய தொழிற் கருவிகள். பித்தளைக் குத்துவிளக்கு, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்கள். இவற்றோடு கழுத்திலும் காதிலும் உள்ள ஓரிரு பவுண் நகை. வீட்டையும் காணியையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிணறும் தென்னையும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கொண்டுபோகக் கூடிய இந்தப் பொருட்களே புதிய இடத்தில் தொழில் தொடங்கவும் விதைநெல் வாங்கவும் அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவுகின்றன.

ஆனால் மழையிலும் மண்ணிலும் கிடந்தவை துருப்பிடிக்கும். சாக்கில் கட்டி வைத்தவை கறுத்துவிடும். ஊருக்குத் திரும்பியபின் வளவைத் துப்புரவு செய்யும்போது மண்ணுக்குள்ளிருந்து அகப்படும் கருவி, இரும்போ துருவோ என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும். அவற்றை மீண்டும் பளபளக்கச் செய்யும் வழிகள் பல. சில எமது குசினியிலேயே உள்ளன. சில தொழிற்சாலைகளுக்கு உரியவை. வேறு சில, வாசலில் வந்து நின்று "நகைக்குப் பொலிஷ் போடுவோமா அக்கா?" என்று கேட்பவரின் போத்தலுக்குள் உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் உண்மையை முதலில் மனதிற் பதித்துக்கொள்வோம். மெருகேற்றும்போது பொருளோடு எதுவும் சேர்வதில்லை. அதிலிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்படுகிறது. எது எடுக்கப்படுகிறது, எவ்வளவு எடுக்கப்படுகிறது, எடுத்தது எங்கே போகிறது என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

பளபளப்பு என்பது என்ன?

உலோகம் பளபளக்காமல் இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் மேல் வேறொரு பொருள் படிந்திருத்தல். செம்பும் பித்தளையும் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கறுக்கின்றன; புளிப்பும் ஈரமும் பட்டால் பச்சை நிறமான களிம்பு பிடிக்கிறது. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கிறது. இரும்பு நீரும் ஒட்சிசனும் சேரத் துருவாகிறது; மன்னார், முல்லைத்தீவு போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று இதனை இன்னும் விரைவாக்குகிறது.

இரண்டாவது, மேற்பரப்பு கரடுமுரடாக இருத்தல். அசையாத குளத்து நீரில் முகம் தெரியும். காற்றடித்து அலை எழும்பினால் தெரியாது. நீர் ஒன்றுதான், பரப்பு மட்டுமே மாறியது. உலோகமும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும். சமனாக இருந்தால் ஒரே திசையில் திரும்பி வரும்.

ஆகவே அழுக்கை நீக்குவது ஒரு வேலை, மேட்டைக் குறைப்பது வேறொரு வேலை. வீட்டில் நாம் செய்வது பெரும்பாலும் முதலாவது வேலையே. சாம்பலும் செங்கற்தூளும் போட்டுத் தும்பினால் தேய்க்கும்போது இரண்டையும் சிறிதளவு செய்கிறோம். ஆனால் ஒரு மேட்டைத் தேய்க்கும் மணல் புதிதாகப் பல கீறல்களையும் போட்டுவிடுகிறது.

பழப்புளி செய்யும் வேலை

குத்துவிளக்கைப் பழப்புளியால் தேய்த்தால் ஏன் பளிச்சிடுகிறது? பழப்புளியில் தாத்தாரிக் அமிலம் உண்டு. தேசிக்காயில் சித்திரிக் அமிலம் உண்டு. இவை செம்பின் மேற் படிந்த ஒட்சைட்டைக் கரைத்து எடுக்கின்றன. கொஞ்சம் உப்புச் சேர்த்தால் வேலை இன்னும் விரைவாகும். பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம் ஆகையால் அதற்கும் இம்முறை பொருந்தும். மென்மையான அமிலங்களாதலால் அடியிலுள்ள உலோகத்தை இவை மிகச் சிறிதளவே தொடுகின்றன. எங்கள் அம்மம்மாமார் கண்டுபிடித்து வைத்த இந்த முறையைவிட நல்ல முறை கடையில் இல்லை என்றே சொல்லலாம்.

இதிலும் அளவு உண்டு. பூசி, சில நிமிடம் விட்டு, தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். புளிக்கரைசலில் இரவு முழுவதும் ஊறவிட்ட பித்தளை சிலவேளை இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைக் காணலாம். பித்தளையிலிருந்த நாகம் முதலில் கரைந்து போக, மேற்பரப்பிற் செம்பு மாத்திரம் மிஞ்சியதன் அடையாளம் அது. கழுவிய நீரிற் கரைந்த செம்பு இருக்கும். அந்நீரைக் கோழி குடிக்கும் சட்டியிலோ மீன் தொட்டியிலோ ஊற்ற வேண்டாம். இதே காரணத்தினாற்றான் வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பும் மோரும் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். விளக்கைப் பளபளக்கச் செய்யும் அதே இரசாயன வேலை அங்கே குழம்புக்குள் நடக்கிறது.

அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பல் ஆகாது. சாம்பலிற் காரம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அது நல்லது. ஆனால் அலுமினியத்தைக் காரம் அரித்துக் கறுக்கச் செய்யும். உள்ளே கறுத்த அலுமினியச் சட்டியில் நீர் விட்டுத் தேசிக்காய்த் தோலைப் போட்டு கொதிக்க வைத்தால் கறுப்பு நீங்கும்.

நாகமுலாம் பூசிய வாளிக்கு அமிலமும் கூடாது, காரமும் கூடாது. அந்த முலாம் இரும்பைக் காக்கவே பூசப்பட்டது. வாளி பளபளக்க வேண்டுமென்று அசிட் விட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும். அடுத்த மாரியில் வாளியும் போய்விடும். முலாம் பூசிய எந்தப் பொருளுக்கும், கவரிங் நகை உட்பட, இது பொருந்தும். முலாம் மிக மெல்லியது. தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

வெள்ளிக்கு ஒரு சிக்கன வழி

கறுத்த வெள்ளிக் கொலுசைத் தூள் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து வெள்ளியும் போகிறது. ஏனெனில் அந்தக் கறுப்பே வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த பொருள்தான். அதனைத் துடைத்தெறியும்போது வெள்ளியைத்தான் துடைத்தெறிகிறோம்.

இதற்கு மின்னிரசாயன முறை ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத வீட்டிலும் செய்யலாம். சமையலுக்கு உதவாத பழைய அலுமினியச் சட்டியொன்றிற் கொதிநீர் விட்டு, ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் அதேயளவு உப்பும் கரைத்து, வெள்ளிப் பொருள் சட்டியின் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி இட வேண்டும். சில நிமிடங்களிற் கறுப்பு மறையும். கூழ்முட்டை மணம் சற்று வீசலாம். அது வெள்ளியிலிருந்து பிரிந்த கந்தகத்தின் மணம். ஆதலால் வெளியிலோ காற்றோட்டமான இடத்திலோ செய்வது நல்லது.

இங்கே நடப்பது என்ன? இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடும்போது அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் தானாகவே உண்டாகிறது. ரோச் லைற் பற்றரிக்குள் நடப்பதும் இவ்வகையான வேலையே. அலுமினியம் கரைகிறது; கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குகிறது; வெள்ளி இருந்த இடத்திலேயே மீண்டும் வெள்ளியாகிறது. அதாவது நட்டம் கொலுசுக்கு அல்ல, பழைய சட்டிக்கே. முத்து, கல் பதித்த நகைகளுக்கும், வேலைப்பாட்டுக்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய வெள்ளிக்கும் இம்முறை வேண்டாம்.

துருப்பிடித்த மண்வெட்டி

துருவை எடுக்க அமிலமும் உதவும், மின்சாரமும் உதவும். அமிலங்களில் வீட்டுக்கு ஏற்றது வினாகிரி. புளித்த கள்ளிலிருந்து கிடைக்கும் வினாகிரியில் அசற்றிக் அமிலம் உண்டு. கருவியை அதில் அமிழ்த்தி, சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை எடுத்துத் தும்பினால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு போனதும் உடனே வெளியே எடுத்து, சோடா கரைத்த நீரிற் கழுவ வேண்டும். அமிலத்துக்குத் துரு எது, இரும்பு எது என்ற வேறுபாடு முழுமையாகத் தெரியாது. துரு தீர்ந்தபின் இரும்பைத் தின்னத் தொடங்கும்.

மலசலகூடம் கழுவ விற்கும் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வேகமாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதன் ஆவி பக்கத்தில் வைத்திருக்கும் மற்றக் கருவிகளையும் சைக்கிளையும்கூடத் துருப்பிடிக்கச் செய்துவிடும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் நச்சு வாயு எழும். இரண்டையும் ஒரே மூலையில் வைப்பதே ஆபத்து.

மின்சார முறை இதைவிடப் பாதுகாப்பானது, இரும்பையும் தின்பதில்லை. பிளாஸ்ரிக் வாளியொன்றில் நீர் நிரப்பி, நான்கு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைக்க வேண்டும். சலவைச் சோடா கிடைக்காவிடில் அப்பச்சோடாவை வெறும் சட்டியிலிட்டு நன்கு வறுத்தால் அது சலவைச் சோடாவாகிவிடும். பிடியைக் கழற்றிய மண்வெட்டித் தகட்டை நீருக்குள் தொங்கவிட்டு, 12 வோல்ற்று பற்றரியின் மறை முனையோடு இணைக்க வேண்டும். உதவாத பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர் முனையோடு இணைத்து நீரில் இறக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தவறித் தொட்டாலும் ஆபத்து நேராதிருக்க, கம்பியின் இடையே வாகன விளக்குக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைப்பது நல்லது. மண்வெட்டியைச் சுற்றிச் சிறு குமிழிகள் எழும்பத் தொடங்கும். இரண்டு மூன்று மணித்தியாலங்களில் சிவப்புத் துரு தளர்ந்து கறுப்புப் படிவாகிவிடும். அதனைத் தும்பினால் தேய்த்தெடுக்கலாம்.

சில எச்சரிக்கைகள். எழும் குமிழிகள் ஐதரசன் வாயு. நெருப்புப் பட்டால் வெடிக்கும். ஆதலால் திறந்த வெளியிற் செய்யுங்கள், பக்கத்திற் பீடி பற்றவைக்க விடாதீர்கள், பற்றரியை வாளியிலிருந்து தள்ளி வையுங்கள். நீருக்குட் கை வைக்குமுன் இணைப்பைக் கழற்றுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே இணைத்தால் உயிர் போகும். சலவைச் சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பு இடக்கூடாது. குளோரின் வாயு வரும். நேர் முனையில் எவர்சில்வர்க் கரண்டியைக் கட்டக்கூடாது. அது துருப்பிடிக்காது என்பதாற் பலர் அதைத்தான் தேடிக் கட்டுகிறார்கள். ஆனால் அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோயை உண்டாக்கும் நச்சாக நீரிற் கலக்கும்.

வேலை முடிந்ததும் தகட்டைக் கழுவி, அடுப்பருகிற் காட்டி ஈரத்தைப் போக்கி, உடனே கிறீஸோ இயந்திர எண்ணெயோ பூசிவிட வேண்டும். துரு நீங்கிய இரும்பு அன்றைக்கே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். துரு ஏற்கனவே தின்றுவிட்ட இரும்பை எந்த முறையாலும் மீட்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையால் தட்டிப் பார்த்தால் உதிரும் தகட்டுக்குப் பற்றரியை வீணாக்க வேண்டாம்.

கம்பியை மாற்றி இணைத்தால்

மண்வெட்டியை மறை முனையில் இணைக்கச் சொன்னோம். மாற்றி நேர் முனையில் இணைத்தால் என்ன நடக்கும்? மண்வெட்டி அரிபடும். நேர் முனையிலுள்ள உலோகமே கரைவது வழக்கம். மண்வெட்டிக்கு இது அழிவு. ஆனால் இதே அழிவைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துச் செய்தால், கையால் எவ்வளவு தேய்த்தாலும் கிடைக்காத மெருகு கிடைக்கும். மின்மெருகூட்டல் என்பது இதுவே.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியர் ஜக்கே என்பவர் 1930களில் இம்முறையை விளக்கி எழுதினார். செம்பைப் பொசுபோரிக் அமிலத்தில் இட்டு நேர் முனையோடு இணைத்துத் தகுந்த அளவில் மின்னோட்டம் செலுத்தும்போது, அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆவதை அவர் காட்டினார்.

கரையும் உலோகம் ஏன் சமனாகக் கரையாமல் மேடுகளில் மட்டும் கூடுதலாகக் கரைகிறது? வயல் செய்பவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. உழுது நீர் பாய்ச்சிய வயலில் பள்ளத்தில் நீர் ஆழமாக நிற்கும். மேட்டில் மெல்லிய படலமாகவே இருக்கும். வெயில் எறித்தால் முதலில் வெளியே தெரிவது மேடு. மின்மெருகூட்டலிலும் உலோகத்தின் மேல் தடித்த பாகுபோன்ற படலமொன்று உண்டாகிறது. பள்ளத்தில் அது தடிப்பாகவும் மேட்டில் மெல்லியதாகவும் இருக்கும். மெல்லிய இடத்தினூடாகக் கரைவது எளிது. ஆகவே மேடு விரைவாகக் குறைந்து, பள்ளம் ஏறக்குறைய அப்படியே நிற்க, பரப்பு மட்டமாகிறது. ஒரு வேறுபாடு: வயலைப் பலகை அடித்து மட்டப்படுத்தும்போது மேட்டு மண் பள்ளத்துக்குப் போகும். இங்கே பள்ளம் நிரம்புவதில்லை. மேட்டிலிருந்தது திரவத்தோடு போய்விடுகிறது. போவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்கு அளவில் இருக்கலாம். தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு.

எவர்சில்வருக்குப் பொசுபோரிக் அமிலமும் சல்பூரிக் அமிலமும் கலந்த சூடான திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கருவிகள் பலவும், பால் பதனிடும் குழாய்களும் தாங்கிகளும் இவ்வாறு மெருகூட்டப்படுகின்றன. அழகுக்காக மட்டுமல்ல. கீறலுக்குள் பாலாடை தங்கும். அதில் கிருமி வளரும். மட்டமான பரப்பைக் கழுவுவது எளிது. பால் கறந்து விற்கும் குடும்பங்கள் எவர்சில்வர் வாளியை இரும்புத் தும்பினாலும் மணலாலும் தேய்க்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எவர்சில்வரிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. இரும்புத் தும்பு கீறலைப் போடுவதோடு தன் துகள்களையும் அதில் விட்டுச் செல்லும். பின்னர் "எவர்சில்வரும் துருப்பிடிக்கிறதே" என்று கடைக்காரரை நோவதிற் பயனில்லை.

பட்டறைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

மின்சாரமின்றி அமிலக் கலவையால் மட்டும் மெருகூட்டுவதும் உண்டு. அலுமினியத்துக்குப் பொசுபோரிக், நைத்திரிக் அமிலங்கள் கலந்த சூடான திரவம். பித்தளைக்கு நைத்திரிக், சல்பூரிக் கலவை. சில விநாடிகள் தோய்த்தெடுத்தாற் போதும், பொருள் மின்னும். வேலை சுலபம்போலத் தெரியும். பயிருக்கு இடமில்லாத காலத்தில் நகரத்து முலாம் பட்டறைகளுக்கும் உலோகக் கடைகளுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

நைத்திரிக் அமிலம் உலோகத்தைத் தொடும்போது செம்மண்ணிறப் புகை எழுகிறது. அதனைச் சுவாசித்தவருக்கு அந்நேரம் இருமலும் கண்ணெரிவும் மட்டுமே இருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். பல மணித்தியாலங்களின் பின், சிலவேளை மறுநாள், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே அந்தப் புகையைச் சுவாசித்த எவரும், சுகமாக இருப்பதாகத் தோன்றினாலும், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். என்ன புகை என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கதவு யன்னல் அடைத்த அறையில் இந்த வேலையைச் செய்யச் சொல்லும் முதலாளியிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம்.

பெரிய நாடுகளிலும் இவ்வேலை உயிர் குடித்ததுண்டு. 1947 பெப்ரவரி 20ஆம் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள முலாம் பூசும் தொழிற்சாலையொன்றில், அலுமினியத்தை மின்மெருகூட்டுவதற்காகக் கலந்து வைத்திருந்த பேர்குளோரிக் அமிலக் கலவை வெடித்து 17 பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். சுற்றியிருந்த கட்டடங்களும் சேதமடைந்தன.

அமிலத்தை ஐதாக்கும்போது நீருக்குள்ளேயே அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்துக்குள் நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். உடலிற் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, 20 நிமிடமாவது ஓடும் நீரிற் கழுவ வேண்டும். கண்ணிற் பட்டாலும் அப்படியே. குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. இடநெருக்கடியான கொட்டில்களில் வாழும்போது இன்னொன்று: அசிட்டைச் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்குத் தெரிவது போத்தல் மட்டுமே.

நகை

இனி வாசலில் நிற்பவரிடம் வருவோம். எமது நகைகள் பெரும்பாலும் 22 கரட் பொன். அதாவது நூறில் ஏறக்குறைய 92 பங்கு பொன். மிகுதி செம்பும் வெள்ளியும். பொன் கறுப்பதில்லை. கறுப்பது அந்த மிகுதியும், அதன்மேல் வியர்வையோடு சேர்ந்து படிந்த அழுக்குமே. ஆகவே நகையைப் பளபளக்கச் செய்ய பொன்னைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நேர்மையான நகைத் தொழிலாளர் பழப்புளி, படிகாரம், ஐதான அமிலம் முதலியவற்றால் அழுக்கை மட்டும் நீக்குவார்.

தனி நைத்திரிக் அமிலம் பொன்னைக் கரைக்காது. தனி ஐதரோகுளோரிக் அமிலமும் கரைக்காது. ஒரு பங்கு முன்னையதும் மூன்று பங்கு பின்னையதுமாகக் கலந்தால் பொன்னும் கரையும். இராசத் திராவகம் என்று இதற்குப் பெயர். வீடு வீடாக வரும் ஏமாற்றுக்காரரின் போத்தலில் இருப்பது இதுவாக இருக்கலாம். முதலில் பித்தளை விளக்கை வாங்கி இலவசமாகத் துலக்கிக் காட்டுவார். விளக்கு மின்னும்; நம்பிக்கை பிறக்கும். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதன்பின் சங்கிலி. சங்கிலி திரவத்தில் இறங்கி, பளிச்சென்று வெளியே வரும். மேல் அடுக்குப் பொன் கரைந்துவிட்டால் அடியிலிருப்பது புதிதாகத்தானே தெரியும்? "மஞ்சள் தூளுக்குள் வைத்திருக்கிறேன், அரை மணித்தியாலம் திறக்கவேண்டாம்" என்று பொதியைத் தந்துவிட்டுப் போத்தலோடு போய்விடுவார். அந்தத் திரவத்திலிருந்து பொன்னை மீண்டும் மண்ணிறத் தூளாகப் படிவித்து எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

கண்ணால் இந்த நட்டத்தைக் காண முடியாது. மூன்று பவுண் சங்கிலியின் எடை 24 கிராம். அதில் 2 கிராம், அதாவது காற்பவுண், போய்விட்டதென்று வைத்துக்கொள்வோம். பொன் மிகப் பாரமான உலோகமாதலால் 2 கிராம் பொன் அடைக்கும் இடம் ஏறத்தாழ இரண்டு நீர்த்துளி அளவுதான். முழுச் சங்கிலியிலும் பரவலாகக் குறைந்த இரண்டு துளியைக் கண் எப்படிக் கண்டுபிடிக்கும்? தராசு மட்டுமே சொல்லும்.

பற்றரியாலும் இதே திருட்டைச் செய்யலாம். நகையை நேர் முனையில் இணைத்தால் பொன் கரைந்து திரவத்துக்குட் போகும் என்பதை மேலே பார்த்த மண்வெட்டியை நினைத்தால் விளங்கும். இதற்குச் சில இடங்களிற் பயன்படுத்தும் திரவம் சயனைட்டுக் கலந்தது. சயனைட்டு எவ்வளவு கொடியது என்பதை எம்மவர்க்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அதனோடு அமிலம் சேர்ந்தால் எழும் வாயுவும் உயிரைப் பறிக்கும்.

எனவே நகையை மெருகூட்டக் கொடுக்குமுன் நிறுத்துப் பார்த்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதாவது அடகு வைத்த நகையானால் அடகுச் சீட்டில் எடை எழுதப்பட்டிருக்கும். மீட்டபின்னும் சீட்டின் பிரதியை வைத்திருங்கள். நிலையான கடையுள்ள, ஊரறிந்த தொழிலாளரிடம் மட்டும் கொடுங்கள். திரும்பப் பெறும்போது ஈரம் துடைத்து, உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். அழுக்கு நீங்கியதாற் சில மில்லிகிராம் குறைவது இயல்பு. அதற்கு மேற் குறைந்திருந்தால் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. நேர்மையானவர் தராசைக் கண்டு கோபிக்க மாட்டார். நகைப் பட்டறையில் நிலத்துக் குப்பையைக்கூடக் கூட்டி விற்பார்கள். அதற்குள்ளும் பொன் இருக்கிறதென்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

வீட்டிலே கழுவுவதானால் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் இன்னும் நல்லது. பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, நல்ல நீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். குளோரின் கலந்த நீரில் ஊறவிட வேண்டாம். நகையிற் கலந்துள்ள செம்பையும் வெள்ளியையும் அது அரித்து ஒட்டுக்களைப் பலவீனப்படுத்தும். ஓடும் நீரிலோ கிணற்றுக் கட்டிலோ வைத்துக் கழுவாமல், ஒரு கோப்பைக்குள் வெள்ளைத் துணி விரித்துக் கழுவுங்கள். கல்லோ கொளுக்கியோ கழன்று விழுந்தால், நீரை ஊற்றுமுன் துணியிற் காணலாம்.